இரத்மலானையிலிருந்து பலாலிக்கு: எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம்?

கேள்வி சுருக்கமானது. கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கேட்டவர் இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். ஒரு தளம் 25 நிமிடம் என்கிறது, இன்னொன்று 55 நிமிடம் என்கிறது, பயண முகவரோ ஒன்றேகால் மணித்தியாலம் என்றாராம். மூன்றில் எதை நம்புவது என்று குழம்பிப்போயிருக்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். செஸ்னா காரவன் போன்ற, பத்துப் பன்னிரண்டு பேர் ஏறும் ஒற்றை எஞ்சின் விமானம் என்றால் ஒரு மணி பத்து நிமிடத்துக்கும் ஒன்றேகால் மணித்தியாலத்துக்கும் இடையில் ஆகும். சுமார் எழுபது பேர் ஏறும் ஏடிஆர் 72 வகை விமானம் என்றால் 50 முதல் 55 நிமிடம். 25 நிமிடம் என்பது இந்தப் பாதையில் நடக்கவே நடக்காது. சிறு விமானத்தில் போகிறவருக்கு முகவர் சொன்னதுதான் சரி.

அந்த 25 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தூரம் காட்டும் தளங்களில் பல, உலகத்தின் எல்லா விமானங்களும் மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் பெரிய ஜெட் என்று வைத்துக்கொள்கின்றன. 330ஐ 800ஆல் வகுத்து நிமிடமாக்கினால் 25 வந்துவிடும். கொஞ்சம் யோசித்துச் செய்த தளங்கள் ஏறவும் இறங்கவும் என்று அதோடு ஓர் அரை மணியைக் கூட்டி 55 என்று போடுகின்றன. அது தற்செயலாக ஏடிஆரின் நேரத்தோடு பொருந்திவிடுகிறது. வழி தப்பு, விடை மட்டும் சரி. பலாலியில் மறுசீரமைத்த ஓடுபாதை சுமார் 1,400 மீற்றர்தான். சென்னையிலிருந்து அங்கே வருவதெல்லாம் ஏடிஆர் போன்ற சுழலி (புரொப்பெல்லர்) விமானங்களாக இருப்பதற்கு அதுவே காரணம். பயணிகள் நிறைந்த ஏர்பஸ் 320 ஒன்றை அந்த நீளத்தில் இறக்க எந்த நிறுவனமும் துணியாது. ஜெட்டே இறங்காத இடத்துக்கு ஜெட் வேகத்தில் கணக்குப் போட்டு என்ன பயன்?

இனித் தூரம். இதை நீங்களே கையால் போட்டுப் பார்க்கலாம், கல்குலேட்டர்கூடத் தேவையில்லை. இரத்மலானையின் அகலாங்கு வடக்கு 6 பாகை 49 கலை. பலாலி வடக்கு 9 பாகை 47 கலையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. ஒரு பாகையில் 60 கலை. வித்தியாசம் 2 பாகை 58 கலை, அதாவது 178 கலை. அகலாங்கில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆக, 178 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 330 கிலோமீற்றர்.

நெட்டாங்கை ஏன் விட்டோம் என்று கேட்பீர்கள். இரத்மலானை கிழக்கு 79 பாகை 53 கலை, பலாலி 80 பாகை 4 கலை. பலாலி வெறும் 11 கலை கிழக்கே இருக்கிறது, அதாவது 20 கிலோமீற்றர். 178 கடல் மைல் வடக்கே போகும் பயணத்தில் 11 கடல் மைல் பக்கவாட்டில் விலகினால் மொத்தத் தூரத்தில் கூடுவது அரை மைலுக்கும் குறைவு. பைதகரஸ் தேற்றம் நினைவிருக்கிறவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். கொழும்பும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே நெட்டாங்கில் இருக்கின்றன என்பதை வீதியில் போகிறவர்கள் உணர்வதே இல்லை. குருநாகல், தம்புள்ள, வவுனியா என்று கிழக்கே வளைந்து போய்ப் பழகிவிட்டதால் யாழ்ப்பாணம் வடகிழக்கில் இருப்பதுபோல் தோன்றிவிடுகிறது. திசைகாட்டியில் பார்த்தால் அது நேர் வடக்கிலிருந்து மூன்று, நான்கு பாகைதான் விலகியிருக்கிறது.

சில தளங்களில் 329 என்றும் சிலவற்றில் 331 என்றும் இருக்கும். இரண்டுமே தப்பில்லை. பூமியைச் சரியான உருண்டை என்று எடுத்தால் கொஞ்சம் கூடும். உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் பூமத்திய ரேகைக்குக் கிட்ட உள்ள நம் பகுதியில் ஒரு கலையின் நீளம் 1,852 மீற்றருக்குப் பதிலாக 1,843 மீற்றரை ஒட்டி இருக்கும். அதையும் சேர்த்தால் 329. ஒரு கிலோமீற்றரைத் தாண்ட விமானத்துக்கு 12 நொடிகூட ஆகாது. ஆகவே இதில் மண்டையை உடைக்க வேண்டாம்.

அந்த நேர்கோடு எதன் மேல் போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இரத்மலானையில் கிளம்பி கொழும்பு நகரத்தின் கிழக்குப் பக்கத்தைக் கடந்து, 40 கிலோமீற்றரில் கட்டுநாயக்க விமான நிலையத்தை மூன்று கிலோமீற்றருக்குள் உரசிக்கொண்டு போகும். பிறகு தென்னந்தோப்புகள். புத்தளம் நகரம் இடது பக்கம் 14 கிலோமீற்றர் தள்ளித் தெரியும். அடுத்தது வில்பத்துக் காடு, அதற்குள் கண்ணாடித் துண்டுகள்போல் வில்லு எனப்படும் இயற்கைக் குளங்கள். காடு முடிந்ததும் மன்னார்ப் பெருநிலம். முருங்கனுக்குச் சற்று மேற்கே, கட்டுக்கரைக் குளத்தின் ஓரமாகக் கோடு போகிறது. விடத்தல்தீவுக்குப் பக்கத்தில் கரையை விட்டு விலகி, இரணைதீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள கடலைத் தாண்டி, பூநகரிக்கு மேற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் நுழைகிறது. அப்புறம் அரியாலை, கோப்பாய், பலாலி. வழியில் ஒரு மலைகூட இல்லை. மலைநாடு முழுவதும் தென்கிழக்கில் ஒதுங்கிவிடுவதால் சிறு விமானம் உயரம் பற்றிக் கவலைப்படாமல் போகலாம்.

ஆனால் விமானி அந்தக் கோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு போக முடியாது. காரணம் கட்டுநாயக்க. நாட்டின் பெரிய விமானங்கள் எல்லாம் ஏறி இறங்கும் வான்வெளி அது. இரத்மலானையிலிருந்து வடக்கே போகும் சிறு விமானம் சில நிமிடங்களிலேயே அதற்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே கட்டுப்பாட்டாளர் சொல்வதுதான் சட்டம். இன்ன உயரத்துக்கு மேலே ஏறாதே, சற்றுக் கிழக்கே விலகிப் போ, இறங்க வரும் விமானம் கடந்த பிறகு ஏறு என்று வரும் உத்தரவுகள் ஒவ்வொன்றும் ஓரிரண்டு நிமிடம் தின்னும். அட்டவணையில் இதற்கென்று தனி வரி கிடையாது, மொத்த நேரத்துக்குள் கரைத்திருப்பார்கள்.

ஒரு கிளைக்கதை. பலாலியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 356 கிலோமீற்றர். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு 330. இரண்டையும் கூட்டினால் 686. இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நேராகப் போனாலும் ஏறக்குறைய அதே 686தான்! மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கின்றன. நேர்ப்பாதையிலிருந்து பலாலி விலகியிருப்பது ஐந்தாறு கிலோமீற்றர்தான். எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10ஆம் திகதி தன் முதல் சேவையை டகோட்டா விமானத்தில் தொடங்கியபோது இரத்மலானை, காங்கேசன்துறை, மெட்ராஸ் என்று பாதையை அமைத்தது. அன்று பலாலியைக் காங்கேசன்துறை என்றுதான் குறிப்பிட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டுவிட்டுப் போன ஓடுபாதை அது. அங்கே இறங்கி ஏறுவதால் தூரத்தில் நட்டம் ஏதும் இல்லை, நடுவழியில் பயணிகளும் கிடைப்பார்கள். அதற்கு முன்பே, 1935 நொவெம்பரில் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய விமானமும் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு சிறு புஸ் மொத்தான். இந்த வடக்குத் தெற்குக் கோடு பழையது.

சரி, நேரத்துக்கு வருவோம். காரவனை எடுத்துக்கொள்ளுங்கள். அது மட்டமாகப் பறக்கும் வேகம் சுமார் 170 நொட் (மணிக்கு 170 கடல் மைல்), அதாவது மணிக்கு 315 கிலோமீற்றர். 178 கடல் மைலை 170ஆல் வகுத்தால் 63 நிமிடம். ஆனால் விமானம் தரையிலிருந்து கிளம்பிய உடனே 170 நொட்டில் ஓடாது. 9,000 அடிக்கு ஏற 11, 12 நிமிடம் ஆகும், அந்த நேரமெல்லாம் வேகம் 110 நொட்டை ஒட்டித்தான் இருக்கும். அதில் நாலு நிமிடம் நட்டம். கடைசியில் வேகத்தைக் குறைத்து, நிலையத்தைச் சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேரே நிற்க இன்னும் நாலைந்து நிமிடம். ஆக 63, எழுபதைத் தாண்டிவிடும். இது சக்கரம் தரையை விட்டதிலிருந்து சக்கரம் தரையைத் தொடும் வரை மட்டும்.

உயரத்தைப் பற்றி ஒரு சின்னத் தகவல். எதிரெதிரே வரும் விமானங்கள் மோதாமல் இருக்கத் திசையை வைத்து உயரத்தைப் பிரித்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து கிழக்கு வழியாகத் தெற்கு வரையுள்ள திசைகளில் போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மறுபாதித் திசைகளில் போகிறவர்களுக்கு இரட்டைப்படை ஆயிரங்கள். பலாலிக்குப் போகும் திசை வடக்கிலிருந்து ஒரு துளி கிழக்கே சாய்வதால் ஒற்றைப்படை: 7,000, 9,000. திரும்பி வரும்போது இரட்டைப்படை: 6,000, 8,000. கண்ணால் பார்த்து ஓட்டும் விதியில் பறப்பவர்கள் அதற்கு மேல் 500 அடி கூட்டிக்கொள்வார்கள். காரவனுக்குள் உயரத்தில் மூச்சுவிடக் காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி கிடையாது. ஆகவே 10,000 அடிக்கு மேல் போக விமானி விரும்ப மாட்டார். அந்த உயரத்தில்தான் மேகமும் நிற்கும். வடகிழக்குப் பருவ காலத்தில் பிற்பகல் பயணம் குலுங்குவது அதனால்தான்.

காற்றைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்வார்கள்: தென்மேற்குப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளும், வடக்கே போக வேகம், திரும்பத் தாமதம். பாதி உண்மை. மே முதல் செப்ரெம்பர் வரை மேலே வீசும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது, நம் பாதையோ வடக்கே போகிறது. ஆகவே காற்றின் பெரும்பகுதி பக்கவாட்டில் அடிக்கும். ஓர் உதாரணம்: மேற்குத்தென்மேற்கிலிருந்து 30 நொட் காற்று. அதில் நம்மைத் தள்ள உதவுவது 12 நொட்தான், மீதி இடது பக்கத்திலிருந்து தள்ளுகிறது. பாதையை விட்டு விலகாமல் இருக்க விமானி மூக்கை இடதுபுறம் ஒன்பது பாகை திருப்பி, நண்டுபோல் சரிந்து பறக்க வேண்டும். கணக்குப் போட்டால் 63 நிமிடம் 59 ஆகும், திரும்பும்போது 68 ஆகும். இவ்வளவு காற்றுக்கும் போக வரக் கிடைக்கும் வித்தியாசம் ஒன்பது நிமிடம்.

காற்று உண்மையில் விளையாடுவது ஓடுபாதையில். இரத்மலானை ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 04, 22 என்று எண். பலாலியில் 05, 23. இந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டிப் பாகை வரும். 04 என்றால் 40 பாகை, அதாவது வடகிழக்கு. 22 என்றால் 220, தென்மேற்கு. கட்டுநாயக்கவிலும் அதே 04, 22தான். நாட்டின் இரண்டு பருவக்காற்றுகளையும் பார்த்தபடி ஓடுபாதைகளைப் போட்டிருக்கிறார்கள். விமானம் வழமையாகக் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஜூலை மாதம், தென்மேற்குக் காற்று. நீங்கள் வடக்கே போக வேண்டும், ஆனால் விமானம் 22இல் தென்மேற்கே ஓடி ஏறுகிறது. காலி வீதியும் ரயில் பாதையும் கீழே போக, ஒரு நிமிடத்துக்குள் கடலுக்கு மேல். போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி, பிறகு வலது பக்கம் வளைந்து வடக்கைப் பிடிக்கிறது. பலாலியிலும் அதே கதை. தெற்கிலிருந்து வருகிற விமானம் நேரே இறங்க முடியாது. 23இல் தென்மேற்கே பார்த்தபடி இறங்க வேண்டும் என்பதால் நிலையத்தின் கிழக்குப் பக்கத்தைத் தாண்டி வடக்கே போய், வளைந்து திரும்பி வர வேண்டும். இறங்கிவிட்டோம் என்று நினைத்துப் பையை எடுக்கத் தயாராகும்போது பலாலியை ஜன்னலில் பார்த்தபடி கடலுக்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். பயப்பட வேண்டாம், அது வழமையான சுற்று. ஜனவரியில் இது தலைகீழ். 04இல் வடகிழக்கே பார்த்து ஏறி லேசாக இடது பக்கம் திரும்பினால் போதும். பலாலியில் 05இல் தென்மேற்குப் பக்கமாக வந்து பெரிய சுற்று இல்லாமல் இறங்கலாம். மேலே காற்று எதிர்த்து அடித்து ஐந்து நிமிடத்தைப் பறித்தாலும், இரண்டு முனையிலும் அதில் பெரும்பகுதி திரும்பிக் கிடைத்துவிடும்.

விமானத்தின் வகைதான் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். டகோட்டா 150 நொட்டை ஒட்டிப் பறக்கும். இந்தப் பாதைக்கு அதற்கு 80 நிமிடம் அளவில் ஆகும். எயார் சிலோன் 1960களில் வாங்கிய அவ்ரோ 748 கிட்டத்தட்ட 240 நொட். ஏறும் இறங்கும் நேரத்தோடு 55 நிமிடம். கவனித்தீர்களா? அப்பா, தாத்தா காலத்து அவ்ரோ, இன்றைய காரவனைவிட 15 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரும். தொழில்நுட்பம் வளர வளரப் பயணம் வேகமாகும் என்று நினைக்கிறோம். இந்தப் பாதையில் அப்படி நடக்கவில்லை. நாற்பது பேர் அன்றாடம் ஏறுவார்கள் என்றால் பெரிய விமானம் விடலாம், பத்துப் பேர்தான் என்றால் காரவன்தான் கட்டுப்படியாகும். நேரத்தை நிர்ணயிப்பது பயணிகளின் எண்ணிக்கை.

அந்த எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதற்குப் போரைச் சொல்லாமல் முடியாது. பலாலி பல பத்தாண்டுகள் இராணுவத் தளமாக இருந்தது. 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் நிறுவனத்தின் அந்தோனோவ் 24 விமானம், கிளம்பிச் சற்று நேரத்தில் இரணைதீவுக்குப் பக்கத்துக் கடலில் விழுந்தது. விடுதலைப் புலிகளின் ஏவுகணை தாக்கியது. விமானத்தில் இருந்த 55 பேரும் இறந்தார்கள், பயணிகள் எல்லோரும் தமிழர்கள். கடலடியில் அதன் சிதைவுகளைக் கண்டுபிடிக்கப் போர் முடிந்து 2012 வரை ஆனது. நான் மேலே சொன்ன நேர்கோடு அந்தக் கடலைத்தான் தாண்டுகிறது. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வரக் கப்பலும் விமானமும்தான் வழி. அப்போது 330 கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று யாரும் கேட்கவில்லை. பாதுகாப்பு அனுமதிக்கும் இருக்கைக்கும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைக்கு ஏடிஆர் 72 சேவை தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. அந்தச் சேவையின் அட்டவணை நம் கணக்கைச் சரிபார்க்க உதவும். 356 கிலோமீற்றரை ஏடிஆர் பறந்து தாண்ட ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அட்டவணையிலோ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலம் போட்டிருப்பார்கள். ஏமாற்று இல்லை. அட்டவணை நேரம் என்பது விமானம் நிற்கும் இடத்திலிருந்து அசைந்ததிலிருந்து, மறுமுனையில் நிற்கும் இடத்தில் நிற்கும் வரை. தரையில் உருள்வது, வரிசையில் காத்திருப்பது, கொஞ்சம் தாமதத்துக்கு ஒதுக்கியது எல்லாம் அதற்குள் அடக்கம். சென்னை போன்ற நெரிசலான நிலையத்தில் அந்த ஒதுக்கீடு பெரிது. இரத்மலானையிலும் பலாலியிலும் உருள்வதற்கு ஐந்து நிமிடம் தாராளம். சிறு நிலையங்களின் உண்மையான லாபம் அங்கேதான்.

தூரம் குறையக் குறைய இந்தத் தரை நேரம் எப்படி எல்லாவற்றையும் விழுங்கும் என்பதற்கு ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் ஓர் உதாரணம் இருக்கிறது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே லோகன் எயார் 1967இலிருந்து விமானம் விடுகிறது. தூரம் 2.7 கிலோமீற்றர். உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் சேவை அது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று வாய்த்த ஒரு நாள் 53 நொடியில் முடித்திருக்கிறார்கள். அந்தச் சிறு விமானத்தின் வழமையான வேகத்தை வைத்து வகுத்தால் 40 நொடிதான் வரும். அங்கே பயணம் என்பது ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே. நம் பாதை அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், கணக்கு ஒரே கணக்கு.

இனி நடைமுறை. நீங்கள் கேட்டது விமான நேரம், ஆனால் உங்களுக்குத் தேவை வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை உள்ள நேரம். வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள் என்று வைப்போம். இரத்மலானை ஆறேழு கிலோமீற்றர். காலி வீதி நெரிசலுக்கு அரை மணி வையுங்கள். ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போக வேண்டும். பறக்க ஒன்றேகால். இறங்கி வெளியே வரக் கால் மணி. பலாலியிலிருந்து யாழ் நகரத்துக்கு 17 கிலோமீற்றர் அளவு, அரை மணி முதல் முக்கால் மணி. மொத்தம் மூன்றரை மணித்தியாலம் முதல் மூன்றே முக்கால். இரவு பஸ் எட்டு மணித்தியாலம் அளவில், ரயில் ஆறரை, ஏழு மணித்தியாலம் அளவில். ஆக, சேமிப்பது பாதி நேரம். அச்சுவேலி, தெல்லிப்பழை, காங்கேசன்துறைப் பக்கம் போகிறவர்களுக்கு லாபம் இன்னும் கூட, பலாலி அவர்களுக்கு வீட்டுக்கொல்லைதான். சாவகச்சேரிக்கோ கிளிநொச்சிக்கோ போகிறவர் விமானத்தில் பலாலி வரை போய்த் தெற்கே திரும்பி வருவதில் பெரிய அர்த்தம் இல்லை. நீர்கொழும்பில் இருக்கிறவர் நிலைமை இன்னும் வேடிக்கை. கொழும்பு நெரிசலைத் தாண்டித் தெற்கே இரத்மலானைக்குப் போய் ஏறி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தன் ஊரையே மேலிருந்து பார்த்தபடி வடக்கே போக வேண்டும். அவருக்கு ரயில்தான் நல்லது.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரவன் போன்ற விமானத்தில் எடைதான் எஜமான். பயணியையும் பெட்டியோடு சேர்த்து நிறுப்பார்கள், யாரும் கோபிக்கக் கூடாது. யார் எங்கே உட்காருவது என்பதையும் எடையைப் பார்த்தே சொல்வார்கள். போகும்போது கொழும்புச் சாமான், வரும்போது ஒடியல், பனாட்டு, கருவாடு, மிளகாய்த்தூள் என்று நாம் கட்டும் பொதிகளுக்கு அதில் இடமில்லை. கைப்பையோடு போகிறவருக்குத்தான் சிறு விமானம். பொதியோடு போகிறவர் பொதியை இரவு பஸ்ஸில் போட்டுவிட்டு விமானத்தில் போவதும் உண்டு. பொதி எப்படியும் மறுநாள் காலையில் வந்துவிடும்.

சேவை நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இருக்கை கிடைப்பது கடினம். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். என்ன விமானம், அட்டவணையில் போட்டிருப்பது பறக்கும் நேரமா, நிறுத்தத்திலிருந்து நிறுத்தம் வரையா. இந்த இரண்டும் தெரிந்தால் மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க விட்டால், வடக்கே போகும்போது இடது பக்க ஜன்னல். காலை விமானத்தில் வெயில் வலது பக்கம் அடிக்கும், இடது பக்கம் கண் கூசாது. புத்தளம் கடல்நீரேரி, கற்பிட்டித் தீபகற்பம், அப்புறம் மன்னார்த் தீவு எல்லாம் அந்தப் பக்கம்தான். வானம் தெளிவாக இருந்தால் தலைமன்னாரைத் தாண்டிப் போகும் மணல்திட்டுகளும் தெரியும். திரும்பி வரும்போது வலது பக்கம் கேளுங்கள்.